ஆவாரம்பூ அம்பறாத்தூணி

தோலைக் கண்ணால் பார்த்து வாங்காதே என்பார் அப்பா. முதலில் மூக்கு, அடுத்து கட்டைவிரல், கண்ணுக்குக் கடைசி இடம்தான். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் மீசை அரும்பும் வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகே அங்கிருந்து வெளியே வந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் நீக்குவது, சவ்வு சீவுவது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறங்கி மிதிப்பது, கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து எடுப்பது, எண்ணெய் தேய்த்து நிழலில் உலர்த்துவது என்று எல்லா வேலையும் பார்த்திருக்கிறார். கணுக்காலுக்குக் கீழே அவருடைய தோல் எப்போதும் வெடித்தே இருக்கும். சுண்ணாம்பு தின்ற கால்கள். எந்தக் களிம்புக்கும் அவை ஆறியதில்லை.

ஆவாரம்பட்டை வேலை மெதுவானது. சுண்ணாம்பில் இறங்கிய தோல் உலர்ந்து அடுக்குக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அப்படிப் பதனிட்ட தோல் சாயம் ஏறாமல், மெருகு ஏறாமல் கப்பலில் லண்டன் ஏலத்துக்குப் போனது. செருப்புக்கும் பைக்கும் வேண்டிய மீதி வேலையை அங்கே செய்துகொண்டார்கள். ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று சந்தையில் அதற்குப் பெயர். இன்று புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. 1970களில் இப்படிப் பாதி முடித்த தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு தொழில் மெல்ல மெல்லக் குரோம் உப்பில் பதனிடும் முறையின் பக்கம் சாய்ந்தது. அப்பா இறங்கி மிதித்த பட்டைக் குழிகளுக்குப் பதிலாகச் சுழலும் மர டிரம்கள் வந்தன.

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது அப்பாவுக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தேன். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளின் கதை அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். முடித்துவிட்டு, "நாத்தத்தைத்தான் புத்தகத்துல கொண்டுவர முடியாது. மத்ததெல்லாம் வந்துருச்சு" என்றார்.

அவர் எங்களோடு டெக்சஸில் வந்து தங்கியிருந்த ஒரு குளிர்காலத்தில்தான் என் மகளுக்கு அம்பறாத்தூணியும் அதைத் தாங்கும் பெல்ட்டும் செய்தேன். மகள் அப்போது வில்வித்தை கற்றுக்கொண்டிருந்தாள். குறிபார்க்கும் கருவி, ஆட்டத்தை அடக்கும் நீண்ட கம்பி எதுவும் பூட்டாத வில் அவளுடையது. பேர்போ என்பார்கள். கண்ணையும் கையையும் மட்டும் நம்பி எய்வது. வகுப்பில் கொடுத்த தூணி நைலான் துணியும் பிளாஸ்டிக் குழாயுமாக இருந்தது. சமதரையில் நின்று ஒரே இலக்கை எய்வதற்கு அது போதும். மரங்களுக்கு நடுவே நடந்துபோய், வெவ்வேறு தூரத்தில் நிற்கும் இலக்குகளை எய்யும் களப் போட்டிக்கு அவள் போகத் தொடங்கியதும் அந்தத் தூணி தொந்தரவு கொடுத்தது. நடக்கும்போது அம்புகள் குழாய்க்குள் கடகடவென்று அடித்துக்கொண்டன. முன்புறம் சாய்ந்து நின்ற அம்பின் வால்கள் புதரில் மாட்டின.

"தாத்தாவுக்குத் தோல் தெரியும், உங்களுக்குத் தோல்ல பூ வெட்டத் தெரியும். எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா" என்று கேட்டாள்.

நாங்கள் இருந்தது ஃபோர்ட் வொர்த் பக்கம். தோல் கைவினைக்காரர்களுக்கு அந்த ஊர் தெரியாமல் இருக்காது. டாண்டி என்ற தோல் பொருள் நிறுவனம் 1919இல் அங்கேதான் தொடங்கியது. அவர்களுடைய கடையில் சனிக்கிழமை வகுப்புகள் நடக்கும். தோலில் கோடு வெட்டும் ஸ்விவல் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று அங்கே கற்றேன். மற்றதை ஆல் ஸ்டோல்மனின் புத்தகங்களிலிருந்து கற்றேன். ஒவ்வொரு கருவியும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், அடித்தால் தோலில் என்ன தடம் விழும் என்று தன் கையாலேயே படம் வரைந்து விளக்கியவர் அவர். எத்தனையோ பேருக்கு நேரில் பார்க்காத ஆசான்.

பூ வெட்டுவதற்கு எல்லாத் தோலும் உதவாது. குரோமில் பதனிட்ட தோலில் முத்திரை அடித்தால் அழுந்தும், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும். அதன் நாருக்குத் துள்ளும் குணம் உண்டு. பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீர் குடித்தால் இளகும். அந்த நேரத்தில் என்ன வடிவம் கொடுத்தோமோ, உலர்ந்த பிறகு அதையே வைத்துக்கொள்ளும். அமெரிக்கச் சேணங்களில் பார்க்கிற பூவும் கொடியும் மொத்தமும் அந்தக் குணத்தின் மேல்தான் நிற்கின்றன. குரோம் பதனிடல் ஒரு நாளில் முடிகிற வேலை, மென்மையான தோல் கிடைக்கும், செருப்பின் மேல்பாகத்துக்கும் சட்டைக்கும் அது நல்லதுதான். கையால் செதுக்குகிறவனுக்கு அதில் இடமில்லை.

பென்சில்வேனியாவில் கர்வன்ஸ்வில் என்ற சிற்றூரில் விக்கெட் அண்ட் கிரெய்க் என்ற பழைய பதனிடும் ஆலை இருக்கிறது. அங்கிருந்து ஒரு சைடு வரவழைத்தேன். மாட்டின் முழுத்தோலை முதுகெலும்பு வழியே இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி சைடு. அட்டைக் குழாயிலிருந்து உருவிச் சாப்பாட்டு மேசைமேல் விரித்தேன். அப்பா குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து, ஓரத்தை நகத்தால் கீறி முகர்ந்தார்.

"இது ஆவாரை இல்லடா. வாட்டிலு. கொடைக்கானல் மலைப் பட்டை. இங்க எப்படி வந்துச்சு?"

அந்த ஆலை மிமோசாச் சாற்றையும் தென்னமெரிக்காவின் கெப்ராச்சோ மரச் சாற்றையும் கலந்து பதனிடுகிறது. தோல் சந்தையில் மிமோசா என்று விற்பது கருப்பு வாட்டில் மரத்தின் பட்டைச் சாறுதான். வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, பழனி மலையில் வளர்த்து, அங்கிருந்து பட்டையாக உரித்து எங்கள் ஊர் ஷாப்புகளுக்கு இறக்கிய அதே மரம். ஆவாரம்பட்டை போதாத நாட்களில் வாட்டில் பட்டையில் மிதித்திருக்கிறார் அப்பா. அந்த வாசனையை எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, கடல் கடந்து வந்து, ஒரு மூச்சில் இனம் கண்டார். எனக்கு அன்று அவர்மேல் உண்டான மரியாதை, நான் படித்து வாங்கிய எந்தப் பட்டத்தின்மேலும் உண்டானதில்லை.

பிறகு அவர் கட்டைவிரல் வேலை செய்தது. முதுகுத் தண்டிலிருந்து வயிறுவரை நெடுக அழுத்திக்கொண்டே போனார். அங்கங்கே தோலை மேல்புறம் உள்ளே வரும்படி மடித்து, விழுகிற சுருக்கத்தைப் பார்த்தார். சுருக்கம் நெருங்கி மெல்லியதாக விழுந்தால் நார் இறுக்கம், அகலமாகப் பொங்கினால் நார் தளர்வு. "முதுகுத் தோலு நீளாது, வயித்துத் தோலு இழுத்த இழுப்புக்கு வரும். இடுப்புல கட்டுறதுக்கு முதுகைத் தவிர வேற எதையும் எடுக்காத" என்று சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். டெக்சஸில் சேணம் செய்கிற ஒருவர் எனக்கு இதையேதான் சொல்லியிருந்தார். மாடு எங்கே மேய்ந்தாலும் வயிற்றுத் தோல் வயிற்றுத் தோல்தான்.

தோலின் கனத்தை அமெரிக்காவில் அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.4 மி.மீ. தூணியின் உடம்புக்கு 7, 8 அவுன்ஸ் சரியாக வரும், அதாவது 3 மி.மீ. அளவு. அதற்கு மேல் போனால் குழாயாக வளைக்கும்போது முறுக்கிக்கொள்ளும், கீழே இறங்கினால் நாளடைவில் வாய் சுருங்கிவிடும். பெல்ட்டுக்கு இன்னும் கனமாக 9, 10 அவுன்ஸ் வேண்டும். நடக்கும்போது தூணி ஆடாமல் நிற்பதற்குப் பெல்ட்டின் விறைப்புதான் காரணம். நல்ல தூணியை மெல்லிய பெல்ட்டில் தொங்கவிட்டு அவதிப்படுகிறவர்களைக் களத்தில் பார்த்திருக்கிறேன்.

என்ன பூ வெட்டுவது? அதற்கு முந்தைய கோடையில் குடும்பத்தோடு வயோமிங் போனபோது ஷெரிடன் என்ற ஊரில் இறங்கியிருந்தேன். தோலில் பூ வெட்டுகிறவர்களுக்கு அது முக்கியமான ஊர். டான் கிங் என்ற சேணக் கலைஞர் அங்கிருந்துதான் ஒரு பாணியை வளர்த்தெடுத்தார். சின்னச் சின்னப் பூக்கள், ஒவ்வொரு பூவையும் வட்டமாகச் சுற்றிவரும் கொடி, ஒரு வட்டம் முடிவதற்குள் அடுத்த வட்டம் அதிலிருந்தே கிளைத்து ஓடுவது. கண் எங்கேயும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அவருடைய குடும்பத்தின் கடைக்குப் பின்னால் உள்ள அருங்காட்சியகத்தில் சேணங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சேணங்களில் செய்தவரின் பெயர் முத்திரை பதிந்திருந்தது. பெயர், ஊர். என் கால்கள் அந்த முத்திரைகளுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றன.

அங்கே எடுத்த படங்களை அப்பாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏலத்துக்குப் போற தோல்ல முதலாளி மார்க் அடிச்சுத்தான் அனுப்புவோம். மிதிச்சவன் பேரை எவன் கேட்டான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

எங்கள் ஊரில் தோல் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நாங்களும் அவர்கள்தான். ஷாப்பிலிருந்து வந்து சோப்புப் போட்டுக் குளித்தாலும் பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போவான். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனியில" என்று சொல்லும்படி அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவன் கையால்தான் ஊர்க் கிணறுகள் இறைத்தன, அந்தத் தண்ணீரில்தான் நெல்லும் கரும்பும் விளைந்தன. அவனுக்கு அந்தக் கிணற்றில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இதைச் சொல்லாமல் தோலைப் பற்றி என்னால் எழுத முடியாது.

"ரோஜா கீஜா வேண்டாம். ஆவாரம்பூ போடு" என்றார் அப்பா. பால்பாயிண்ட் பேனாவால் ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினார். ஐந்து இதழ், ஒன்றுக்கொன்று அளவு சரியாக ஒத்துப்போகாதவை. நடுவில் வளைந்து நீளும் மகரந்தத் தாள்கள். கொத்துக் கொத்தாக மொட்டு. ஒரு காம்பின் இருபுறமும் எதிரெதிரே அமரும் சிற்றிலைகள். தட்டையான காய். வறண்ட கரிசலிலும் சரளை மேட்டிலும் மழையில்லாமலேயே பூத்து நிற்கிற செடி. பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டுவது இந்தப் பூவைத்தான். பூவை வாசலில் கட்டினார்கள், பட்டையைத் தொட்டவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

ஷெரிடன் கொடிக்குள் ஆவாரம்பூவைப் பொருத்துவது யோசித்துச் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. சிற்றிலைகளைச் செடியில் உள்ளபடியே நெருக்கினால் கத்தி வைக்க இடம் இருக்காது. இலை இணைகளைக் குறைத்து, ஒவ்வொரு சிற்றிலையையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். இன்னொன்றும் பார்க்க வேண்டும். தட்டையாகச் செதுக்கிய தோலைப் பிறகு குழாயாக வளைக்கப் போகிறோம். வளைவின் வெளிப்புறத்தில் வெட்டுக்கள் வாய் திறக்கும். நீளவாக்கில் ஓடும் ஆழமான கோடுகள்தான் அதிகம் திறக்கும், சுற்றிவரும் கோடு அவ்வளவு திறக்காது. ஆகவே தண்டை நேராக ஏற்றாமல் சாய்த்துச் சாய்த்து வட்டமாகவே ஓடவிட்டேன். ஷெரிடன் பாணி அதற்கென்றே பிறந்தது என்று தோன்றியது.

அடுத்தது தோலை நீர்ப்பதத்துக்குக் கொண்டுவருவது. என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் பெரியது. கருவி விற்கிறவர்கள் கருவியைப் பற்றியே பேசுவார்கள். நீர்ப்பதம் சரியாக இல்லாத தோலில் எந்தக் கருவியும் தோற்றுப்போகும். தோலை நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி இரவு முழுக்க வைப்பேன். தண்ணீர் நாருக்குள் ஒரே சீராகப் பரவ வேண்டும். காலையில் வெளியே எடுத்து வைத்தால் மேல்பரப்பு உலர்ந்து, கருத்திருந்த நிறம் மெல்ல மெல்ல இயல்பான நிறத்துக்குத் திரும்பும். உள்ளே மட்டும் ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். அப்போது கத்தியை வைத்தால் நுங்கில் நகம் இறங்குவதுபோல் இறங்கும். எப்போது தொடங்கலாம் என்பதை அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பாவின் கன்னம்தான் தீர்மானித்தது. "இன்னும் கொஞ்சம் பொறு" என்பார். பொறுப்பேன். "ம்" என்பார். தொடங்குவேன்.

தோலின் பின்பக்கத்தில் அகலமான பசை டேப்பை ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆயிரக்கணக்கான அடி வாங்கும் தோல் விரியப் பார்க்கும், விரிந்தால் அளவு போய்விடும், டேப் அதைப் பிடித்து வைக்கும். கீழே கிரானைட் பலகை. வரைபடத்தைத் தோல்மேல் வைத்து மழுங்கிய முனையால் கோடுகளை அழுத்தினால் தடம் விழும். அந்தத் தடத்தில் ஸ்விவல் கத்தி ஓட வேண்டும். ஆள்காட்டி விரல் மேலே உள்ள வளைவில் அழுத்தம் கொடுக்கும், கட்டைவிரலும் மற்ற விரல்களும் தண்டைச் சுழற்றும். வெட்டு தோலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. வளைவின் நடுவில் நிறுத்தக் கூடாது. கொடி முடிகிற இடத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கத்தியைக் காற்றில் எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று பூவுக்கு ஒரு முறை கத்தியைப் பச்சை மெருகுப்பொடி தடவிய தோல்பட்டையில் தீட்டுவேன். தீட்டாத கத்தி தோலை வெட்டாது, இழுக்கும்.

கோடு வெட்டி முடிந்ததும் முத்திரைக் கருவிகள். பேர் ஷேடர் இதழின் நடுவை அழுத்திக் குழித்தது. பெவலர் வெட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக அமுக்கியது. எந்தப் பக்கத்தை அமுக்குகிறோமோ அது பின்னே போகும், மறுபக்கம் எழுந்து முன்னே வரும். பூ இலைக்கு மேலே, இலை கொடிக்கு மேலே என்று தோல் அடுக்கடுக்காக உயர்வது இதனால்தான். உயர்த்துவதற்கென்று கருவி எதையும் நான் எடுக்கவில்லை. தாழ்த்த மட்டுமே செய்தேன், தாழ்த்தாமல் விட்டது உயரமாகத் தெரியும். மரச் சிற்பமோ கல் சிற்பமோ செய்கிறவன் பொருளை எடுத்துவிடுகிறான். தோலில் ஒரு துணுக்கும் வெளியே போவதில்லை. நான் இந்த வேலையை விரும்புவதற்கு அது ஒரு காரணம்.

பூக்களுக்கு இடைப்பட்ட தரையைக் கருப்பாக்க வேண்டியிருந்தது. ஷெரிடன்காரர்கள் மெல்லிய தூரிகையால் கருஞ்சாயம் தீட்டுவார்கள். அப்பா வேறு வழி சொன்னார். ஈரமாக இருக்கும் பட்டைத் தோலில் இரும்பு ஆணி ஒன்று கிடந்தால் போதும், கருப்புக் கறை விழுந்துவிடும். ஷாப்பில் அதற்காகத் திட்டு வாங்காத தொழிலாளி இல்லை. பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் நிறம் கருப்பு, அழியாது. கலம்காரித் துணியில் கருப்புக் கோடு விழுவதும் இந்தச் சேர்க்கையால்தான். அங்கே கடுக்காயில் நனைத்த துணியின்மேல், வெல்லத்திலும் தண்ணீரிலும் ஊறிய இரும்புச் சாற்றால் எழுதுவார்கள். அமெரிக்கத் தோல்காரர்களோ வினிகரில் இரும்புக் கம்பிச் சுருளை ஊறப்போட்டுப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் இந்திய மளிகைக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கிக் கரைத்து முதலில் தரையில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தோம். அதன்மேல் இரும்பு வினிகர். வெளிர் பழுப்பு நிறம் கண்முன்னே சாம்பலாகி, பிறகு அட்டக் கருப்பானது. கடைசியில் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்துப் புளிப்பை முறித்தோம். பூவும் இலையும் தோலின் சொந்த நிறத்தில் நின்றன. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தாவின் தூரிகை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயாக வளைப்பதும் அடி பூட்டுவதும் அதிகம் சொல்லத் தேவையில்லாதவை. ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிக் கட்டி வைத்தால் வடிவம் பிடித்துக்கொள்ளும். வாய் அகலம், அடி குறுகல். தொடையை ஒட்டிவரும் பக்கத்தில் தையல். அடியில் கனத்த தோல் வட்டம், அதன்மேல் மயிரோடு கூடிய செம்மறித் தோல். அம்பு முனைகள் அந்த மயிரில் புதைந்து நிற்பதால் சத்தமும் இல்லை, முனைக்கும் சேதமில்லை.

தையலைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசி. தேன்மெழுகு ஏற்றிய ஆளி நார் நூல், லினன் என்பார்கள். வைர வடிவ முனையுள்ள குத்தூசியால் ஒரு துளை, அதே துளையில் இடமிருந்து ஓர் ஊசியும் வலமிருந்து ஓர் ஊசியும் நுழைந்து எதிரெதிரே இழுபடும். அங்குலத்துக்கு ஆறு தையல். எந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்கின்றன, ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்தில் உள்ளவை தளரும். இந்தத் தையலில் ஒரு கண் அறுந்தாலும் மறு நூல் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும். சேணத்தை நம்பிக் குதிரையில் ஏறுகிறவனின் உயிர் அந்த நூலில் இருக்கிறது என்பதால் உண்டான தையல். அப்பாவுக்குப் பதனிடத்தான் தெரியும், தைக்கத் தெரியாது. ஆனாலும் குத்தூசி இறங்கும் கோணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஊரில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைத்த ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் துளை போட்டால் அளவுகோல் வைத்ததாக இருக்குமாம். வெளிச்சம் மங்கிய பிறகும் விரல் நுனியாலேயே துளையைத் தேடித் தைப்பாராம். அந்தக் கையை டெக்சஸில் கொண்டுவந்து உட்கார வைத்தால் அவரிடம் கற்பதற்கு ஆள் வரிசையில் நிற்கும் என்றேன். "அங்கேயே நின்னுருக்கணும்டா" என்றார் அப்பா.

பெல்ட்டைக் கடைசியில் செய்தேன். ஒன்றே முக்கால் அங்குல அகலம், முதுகுத் தோலின் நெடுக ஒரே நறுக்கு. தூணியில் உள்ள கொடியின் தொடர்ச்சியாக இரண்டு பூவும் சில இலைகளும் மட்டும். பெல்ட் முழுக்கப் பூ வெட்டுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது, கண்ணுக்கு ஓய்விடம் வேண்டும். ஓரங்களின் கூர்மையை நீக்கி, தண்ணீர் தொட்டு, கட்டைக் கருவியால் சூடு பறக்கத் தேய்த்து, தேன்மெழுகு ஏற்றியதும் அவை கண்ணாடியாகப் பளபளத்தன. பக்கிள், ரிவெட் எல்லாம் பித்தளையும் செம்பும். இரும்பு வைத்தால் என்னவாகும் என்பதை மேலே சொன்னேன். வளர்கிற பெண் என்பதால் துளைகளைக் கூடுதலாகப் போட்டு, பக்கிளைத் திருகாணியில் பூட்டினேன். நாளை நகர்த்திக்கொள்ளலாம்.

பக்கிளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அப்பாவிடம் ஒரு காகிதம் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னதும், வேண்டாம் என்று கையை ஆட்டினார். மகள் பேனாவை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்து, "போடுங்க தாத்தா" என்றாள். அவர் தமிழில் எழுதிய பெயரை அப்படியே தோலில் இறக்கி, அந்தக் கையெழுத்தின் நடுக்கம் மாறாமல் வெட்டினேன். என் பெயர் அதில் இல்லை. அது தேவையும் இல்லை.

நீட்ஸ்ஃபுட் எண்ணெயை இலேசாகத் தடவி, ஜன்னல் வெயிலில் வைத்து நிறம் கூட்டினோம். கடுக்காய் குளிக்காத தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்று அப்பா சொன்னது நடந்தது. பூக்கள் தேன் நிறத்துக்கு வந்தன. மகள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தபோது அம்பு சத்தம் கேட்கவில்லை. தூணி பின்புறம் சாய்ந்து நிற்கும்படி, அதைப் பெல்ட்டில் தொங்கவிடும் இரண்டு வார்களையும் நீள வித்தியாசத்தோடு வைத்திருந்தேன், வால்கள் எதிலும் மாட்டவில்லை. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த ஏட்ஸி என்ற மனிதனைப் பற்றி அவள்தான் தாத்தாவுக்குச் சொன்னாள். 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அவனுடைய தோல் தூணியில் 14 அம்புகள் இருந்தன, எய்வதற்குத் தயாராக இருந்தவை இரண்டே. இத்தாலியில் போல்சானோ அருங்காட்சியகத்தில் அந்தத் தூணி இருக்கிறது. வளையாமல் நிற்பதற்காக ஓரமாக ஒரு குச்சியை வைத்துக் கட்டியிருந்தார்கள் என்று கேட்டதும் அப்பா, "தோலு மெல்லிசு, அதான்" என்றார்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த வேலையைக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தை சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தோலைத் தேடி ஓட வேண்டியதில்லை. சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் பட்டையில் பதனிட்ட கன்றுத்தோலும் மாட்டுத்தோலும் கேளுங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம், பூ வெட்ட ஆகாது. உள்ளும் புறமும் பழுப்பாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நகத்தால் அழுத்துங்கள். தடம் நின்றால் வாங்குங்கள். தூணியில் தொடங்காமல் பெல்ட்டில் தொடங்குங்கள். கருவி நாலைந்து போதும், கத்தியை மட்டும் நல்லதாக வாங்கித் தினமும் தீட்டுங்கள். தோலை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரிடம், இதைப் பதனிட்டது எந்த ஊர், யார் என்று பெயரோடு கேளுங்கள். பதில் கிடைத்தால் நீங்கள் செய்யும் பொருளில் அந்தப் பெயரையும் வெட்டுங்கள்.